முதலைகளின் முதுகு சேரும் இடம்

பிப்ரவரி 2

தலையணை உறை வேலை ஒரு வழியாக முடிந்தது. எல்லாம் வெள்ளை, எல்லாம் ஒரே அளவு. தைத்துத் தைத்து எனக்கே முகம் தலையணை மாதிரி ஆகிவிட்டது. நாளைக்கு யாராவது பூப்போட்ட துணி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தால் காலில் விழுந்துவிடுவேன்.

என் வீட்டுக்காரர் பால்கனி நாற்காலியில்தான் இருந்தார். வெயில் காலுக்கு வந்ததும் நாற்காலியை உள்ளே நகர்த்தினார். இன்றைக்கு அவர் செய்த வேலை அது ஒன்றுதான். லாரி சாவியை முதலாளி கையில் கொடுத்துவிட்டு வந்ததிலிருந்து இப்படித்தான் இருக்கிறார். வலது கண்ணில் பார்வை போய்விட்டது, இனி லைசன்ஸ் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். சொன்னவர்கள் நியாயமாகத்தான் சொன்னார்கள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். திட்டுவதற்குக்கூட ஒரு ஆள் கிடைக்கவில்லை.

பிப்ரவரி 4

வாய் முகூர்த்தம் பலித்துவிட்டது. மின்னல் வந்தாள்.

மின்னல் நான் வைத்த பெயர். பெரிய தெருவில் துணிக்கு அச்சுப் போடும் பட்டறை வைத்திருக்கிறாள், சின்னப் பெண். ஒரு பேச்சை முடிக்கும் முன்னால் அடுத்த பேச்சில் பாதி தூரம் போயிருப்பாள்.

"அக்கா, தோள்ல மாட்டுற துணிப்பை தைக்கணும், குழந்தைங்க லைப்ரரி ஒண்ணு திறக்கிறாங்க, வர்ற பிள்ளைங்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒண்ணு, படம் நான் அச்சுப் போட்டுத் தந்துடுவேன், நீங்க வெட்டித் தைச்சா போதும், கோடெல்லாம் போட்டே வரும், ரொம்ப ஈஸி."

ஈஸி என்று யாராவது சொன்னாலே அதில் ஒரு வம்பு இருக்கும். இருந்தாலும் சரி என்றேன். தலையணையிலிருந்து தப்பித்தால் போதும். மாதம் முடிவதற்குள் வேண்டுமாம்.

அவரிடம் சொன்னேன். "ம்" என்றார். இப்போதெல்லாம் அவர் பேச்சில் பாதி இந்த ம்தான்.

பிப்ரவரி 6

அவருடைய அண்ணன் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டுப் பேசியதால் என் காதிலும் விழுந்தது.

"டேய், என் கோடவுனுக்கு வந்துடு. கேட்ல உக்காந்து வர்ற வண்டி, போற வண்டியைப் பாத்துக்கோ. உனக்கு வண்டின்னா அத்துப்படி. பின்னாடி ஒரு ரூம் இருக்கு. இங்க வந்து இருடா, வீட்டுல உக்காந்து உக்காந்து நீ வீணாப் போயிடுவ."

அவர் யோசிக்கவே இல்லை. "சரிண்ணே" என்றுவிட்டார். மார்ச் முதல் ஞாயிறு அண்ணனே கார் எடுத்துக்கொண்டு வந்து கூட்டிப் போகிறாராம்.

போனை வைத்துவிட்டு என்னிடம், "நீ இங்கயே இரு. உனக்கு மெஷின் இருக்கு, ஆளுங்க தேடி வர்றாங்க. நான் மாசம் ஒரு தடவை வந்துட்டுப் போறேன்" என்றார். ஏதோ பால்காரரிடம் கணக்கு சொல்கிற மாதிரி.

என்ன பதில் சொல்வது? போகாதீங்க என்றால், என்னைப் பாத்துப் பரிதாபப்படுறியா என்பார். போங்க என்றால் போய்விடுவார். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

அவர் அண்ணன் மேல் கோபம் இல்லை. பாசத்தில்தான் கூப்பிடுகிறார். ஆனால் கேட்டில் உட்கார்ந்து மற்றவர்கள் ஓட்டும் லாரிகளை எண்ணிக்கொண்டிருப்பதற்கு எங்கள் பால்கனியே போதாதா? இங்கேயாவது பக்கத்தில் நான் இருக்கிறேன்.

பிப்ரவரி 8

டீ ஊற்றித் தருகிறேன் என்று அவரே எழுந்து வந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாத்திரத்தைச் சாய்த்தார். டீ டம்ளரைத் தொடவே இல்லை, ஒரு விரல் முன்னால் மேடையில் ஊற்றிக்கொண்டிருந்தது. ஒற்றைக் கண்ணுக்கு எது கிட்டே, எது தள்ளி என்று தெரியாது என டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். தெரிந்திருந்தாலும் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை.

துணியை எடுத்துத் துடைத்தேன். "விடுங்க, நான் பாத்துக்கிறேன்." அதைச் சொல்லியிருக்கக் கூடாது. நாற்காலிக்குத் திரும்பப் போய்விட்டார்.

பிப்ரவரி 9

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவருக்கு ஏதாவது வேலை இருந்தால் மனம் மாறும் என்று நினைத்து, ஒரு மூட்டைத் துணியைக் கொடுத்து இஸ்திரி போடச் சொன்னேன். இஸ்திரி நன்றாகவே போடுவார், தட்டையான வேலைதானே. நாலு துணி தேய்த்ததும் நிறுத்திவிட்டார்.

"இதெல்லாம் ஏற்கெனவே தேய்ச்ச துணி."

நான் திருதிருவென்று முழித்தேன்.

"மடிச்ச தடம் அப்படியே இருக்கு பாரு. வேலை குடுக்கணுமேன்னு வேலை குடுக்காத. சின்னப் பிள்ளைக்குச் சொப்பு வாங்கிக் குடுக்கிற மாதிரி இருக்கு."

கத்தவில்லை. கத்தியிருந்தாலாவது பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

பிப்ரவரி 12

பேனல் வந்துவிட்டது! மின்னல் இதைப் பேனல் என்கிறாள். கடையில் வெட்டித் தரும் மீட்டர் துணி மாதிரி இல்லை. ஒரு பைக்கு வேண்டியது மொத்தமும் ஒரே துண்டுத் துணியில் அச்சாகி வருகிறது. முன்பக்கம், பின்பக்கம் பக்கத்தில் பக்கத்தில். கீழே உள்பாக்கெட், அதற்கும் கீழே இரண்டு கைப்பிடி. சுற்றிலும் வெட்டுவதற்கு முழுக் கோடு, அதற்கு உள்ளே தைப்பதற்குப் புள்ளிக் கோடு. கோட்டில் வெட்டி, மடித்துத் தைத்தால் பை.

படம்தான் படம்! ஒரு முதலை, பச்சையும் மஞ்சளுமாக. தலை முன்பக்கத்தில். உடம்பு வலது ஓரத்தைத் தாண்டிப் பின்பக்கம் போய், அங்கே முழுக்க நீண்டு, இடது ஓரம் வழியாக வால் மட்டும் திரும்ப முன்னால் வந்து தன் மூக்கையே தொடப் பார்க்கிறது. அடியில் நீலத்தில் ஒரே ஒரு தண்ணீர்க் கோடு பையைச் சுற்றி ஓடுகிறது. மூக்கு நுனியில் ஒரு தவளை, பயமே இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. இந்த மின்னல் கையில் இவ்வளவு குறும்பு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. மேசை மேல் விரித்துப் போட்டு எவ்வளவு நேரம் பார்த்தேனோ.

பிப்ரவரி 13

ஒரு பை மாதிரிக்குத் தைத்தேன். கோட்டில்தான் வெட்டினேன், புள்ளியில்தான் தைத்தேன். திருப்பிப் பார்த்தால் ஓரத்தில் முதலையின் முதுகு சேரவில்லை. இந்தப் பக்கத்து முதுகு கீழே, அந்தப் பக்கத்து முதுகு மேலே. பூப்போட்ட துணியாக இருந்தால் யார் கண்ணிலும் படாது. முதலைக்கு முதுகு உடைந்தால் குழந்தை முதலில் அதைத்தான் பார்க்கும்.

பிரித்துத் தைத்தேன். மறுபடியும் பிரித்தேன். மெஷினின் பல் கீழ்த் துணியை வேகமாக இழுக்கிறது, மேல் துணி பின்தங்குகிறது. தொடங்கும்போது சரியாக இருப்பது, பாதி வழியில் நழுவிவிடுகிறது.

நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "உன் முதலைக்கு இடுப்பு பிடிச்சிருக்கு போல."

நான் திரும்பவே இல்லை. திரும்பினால் சிரித்தது தெரிந்துவிடும். லாரி போன பிறகு அவர் அடித்த முதல் கிண்டல் இது.

பிப்ரவரி 15

ஒவ்வொன்றாக வெட்டினால் இந்த ஜென்மத்தில் முடியாது. தலையணை உறைக்குச் செய்கிற மாதிரி அடுக்கி வெட்டிவிட வேண்டியதுதான். கரை ஓரத்தைச் சரியாகச் சேர்த்து அடுக்கி, மேலே கனம் வைத்து, பெரிய கத்தரியால் மேல் துணியின் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஒரே வெட்டு. மத்தியானத்துக்குள் மொத்தமும் முடிந்தது. என்ன சாமர்த்தியம் எனக்கு!

பிப்ரவரி 16

சாமர்த்தியமாம் சாமர்த்தியம். நாசமாய்ப் போனது.

அடுக்கின் மேல் துணிகள் அச்சு அசலாக இருக்கின்றன. கீழே போகப் போகப் படம் சரிந்திருக்கிறது. கரை ஓரமும் படமும் ஒன்றாக ஓடும் என்று எனக்கு யார் சொன்னது? வெள்ளைத் துணியில் படமே கிடையாது, எப்படி வெட்டினாலும் சரி. இதில் ஒவ்வொரு பேனலிலும் படம் கரையிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் சாய்ந்தே வந்திருக்கிறது. பாதிக்கு மேல் கோணல். ஒரு ஓரத்தைச் சேர்த்தால் மறு ஓரத்தில் முதுகு ஒரு விரல் மேலே நிற்கிறது. வேறு துணி கேட்கலாம் என்றால், மின்னல் கையில் இருந்த துணி ரோல் மொத்தமும் இதிலேயே முடிந்துவிட்டது.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவர் எழுந்து வந்தார். துணியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுவும் எனக்காகத்தானா?"

முதலில் எனக்குப் புரியவே இல்லை.

"அன்னிக்கு இஸ்திரி. இன்னிக்கு இது. எனக்கு வேலை வேணுமேன்னு வேணும்னே கெடுத்தியா?"

எங்கிருந்துதான் வந்ததோ எனக்கு. "யோவ்!" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவரை யோவ் என்று கூப்பிட்டதில்லை. "உனக்காக இத்தனை துணியைக் கெடுக்க எனக்கென்ன பைத்தியமாய்யா பிடிச்சிருக்கு? நான் முட்டாத்தனமா வெட்டித் தொலைச்சிட்டு உக்காந்திருக்கேன், இவருக்காகவாம்! துணியைக் கெடுக்கிற அளவுக்கெல்லாம் எனக்கு உன் மேல ஆசை கிடையாது, தெரிஞ்சுக்கோ!"

எனக்கு மூச்சு வாங்கியது.

அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. முதலில் உதடு கோணியது. அப்புறம் தோள் குலுங்கியது. அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "அப்ப நிஜமாவே கெடுத்துட்டியா?" என்று கேட்டார். அவ்வளவு சந்தோஷமாக!

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஆமாம் என்று தலையாட்டினேன்.

பிப்ரவரி 17

காலையில் நான் எழுந்து வரும்போது அவர் வெட்டும் மேசையில் இருந்தார். கோணலாய் வெட்டுப்பட்ட ஒரு முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் விரித்து, கையால் தடவிக்கொண்டிருந்தார். பார்ப்பதைவிடத் தடவுவதுதான் அதிகம். நான் டீ வைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். வாயைத் திறக்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

வெயில் ஏறியதும் கூப்பிட்டார். "இந்தா, வா. நீ எதைப் பிடிச்சுச் சேக்கிற?"

"ஓரத்தை."

"அங்கதான் தப்பு. ரோட்டோரத்தைப் பாத்து ஓட்டினா வண்டி பள்ளத்துல இறங்கும். ஓரம் நாலு இடத்துல உடைஞ்சிருக்கும், ஒரு இடத்துல இருக்கவே இருக்காது. நடுக்கோட்டைப் பிடிச்சுக்கணும். இதுல எது நடுக்கோடு?"

நான் முதலையின் முதுகைக் காட்டினேன்.

"அது மேடு பள்ளம். இது," என்று தண்ணீர்க் கோட்டின் மேல் விரலை வைத்தார். "இதுதான் ரோடு. ஓரத்தை மறந்துடு. அது நீ வெட்டினது, அதை நம்பாத."

என்னை ஒரு குத்தாவது குத்தாமல் இருக்க முடியாது அவருக்கு. ஆனால் எவ்வளவு சரி! ஸ்கேலைத் தண்ணீர்க் கோட்டின் மேல் வைத்து, அதற்கு நேராக மேலேயும் கீழேயும் சாக்பீஸால் கோடு இழுத்து, கோணலாய் நிற்பதை மட்டும் சீவி எடுத்தார். துண்டு நேராகிவிட்டது. உயரம் ஒரு விரல் குறைந்தது, அவ்வளவுதான். முதலைக்குச் சேதாரம் இல்லை.

இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்தோம். தண்ணீர் தண்ணீரோடு சேர்ந்தது. தானாகவே முதுகும் முதுகோடு சேர்ந்தது. நான் கை தட்டினேன், வெட்கமில்லாமல்.

பிப்ரவரி 18

எல்லாப் பையும் ஒரே உயரமாக இருக்க வேண்டும் என்று, நன்றாக வந்த மேல் துணிகளையும் அதே ஒரு விரல் குறைத்துவிட்டோம். வெட்டினது அவர்தான். கத்தரி அவர் கையில் எவ்வளவு சாதுவாகப் போகிறது! நான் வெட்டினால் கறுக் கறுக் என்று கேட்கும். அவர் கத்தரியைப் பாதி திறந்து, மேசையோடு படிய வைத்துத் தள்ளுகிறார், வாயை முழுக்க மூடுவதே இல்லை. ஒரு இடத்தில்கூடப் பிசிறு கிடையாது. ஒற்றைக் கண் வைத்துக்கொண்டு எப்படி என்று கேட்டேன்.

"மேசை மேல கிட்டே எது, தள்ளி எது? எல்லாம் ஒரே மட்டம். இங்க எனக்கும் உனக்கும் ஒரே கண்ணுதான்."

பிப்ரவரி 20

இன்று குண்டூசி வேலை. அவர் ஒவ்வொரு ஓரத்திலும் முதலில் தண்ணீர்க் கோட்டில் ஒன்று குத்துகிறார். அப்புறம் வயிற்றில் ஒன்று, முதுகு முள்ளில் ஒன்று. மேல் துணியில் குத்தி, துணியைப் புரட்டி, ஊசி முனை பின்பக்கமும் அதே கோட்டில் எட்டிப் பார்க்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்கிறார். நூல் அளவு தள்ளியிருந்தாலும் பிடுங்கி மறுபடி குத்துகிறார். வாயில் ஒரு கொத்துக் குண்டூசி. அவர் வாயை அடைக்க நான் இத்தனை வருஷம் என்னென்னவோ செய்து பார்த்தேன், ஒரு டப்பா குண்டூசி போதும் என்று தெரியாமல் போய்விட்டது.

மெஷின் பல் துணியை நழுவவிடுகிறதே என்றேன். "லோடு கட்டாம வண்டியை எடுப்பாங்களா?" என்றார். குண்டூசிக்கு நடுவில் கையாலேயே ஓட்டுத் தையல் போட்டுக் கட்டிவிட்டால், மெஷினில் எவ்வளவு இழுத்தாலும் நகராதாம். அவர் பொத்தான் தைத்துக்கூட நான் பார்த்ததில்லை. லாரியில் தார்ப்பாய் கிழிந்தால் அவரேதான் தைப்பாராம். இத்தனை வருஷம் கூட இருக்கிறேன், இது எனக்குத் தெரியாது!

நூல் கோப்பதுதான் அவருக்கு முடியவில்லை. ஊசிக் காதுக்கு முன்னால் நூல் காற்றில் ஆடுகிறது. நான் ஒன்றும் சொல்லாமல் ஒரு வரிசை ஊசியில் நூல் கோத்துப் பஞ்சில் குத்தி வைத்தேன். அவரும் ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டார்.

பிப்ரவரி 22

முடித்த பைகளை வரிசையாக மாட்டினோம். சன்னலிலிருந்து கதவு வரை முதலைகள். ஒரு முதுகும் உடையவில்லை. ஓரத்தில் தையல் எங்கே இருக்கிறது என்று நானே தேட வேண்டியிருக்கிறது. என் தொழிலில் இவ்வளவு சுத்தமான வேலையை நான் செய்ததில்லை. பொறாமையா? கொஞ்சம். பெருமைதான் அதிகம். பெருமை என்று அவரிடம் சொல்லவில்லை, "பரவால்ல" என்றேன். அவரும் "ம்" என்றார். இந்த ம் வேறு ம்.

பிப்ரவரி 24

சாயங்காலம் உள்ளே போனால், அவர் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். சட்டைகள், சவரம் செய்யும் சாமான், கண்ணுக்கு ஊற்றும் மருந்து.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன்? நாலு நாள் முதலைக்கு ஊசி குத்தினால் மனுஷன் தங்கிவிடுவார் என்றா?

"அண்ணன்கிட்ட வாக்கு குடுத்துட்டேன்" என்றார், நான் எதுவும் கேட்காமலே.

"நானா வேண்டாம்னேன்?" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? நாக்கு என்னுடையதுதானா?

பிப்ரவரி 25

ஒரே வரி எழுதிவிட்டுத் தூங்கப் போகிறேன். அவர் போகக் கூடாது. இதை இங்கேதான் எழுத முடிகிறது.

பிப்ரவரி 27

பைகளை மின்னலிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவரும் மூட்டை தூக்கிக்கொண்டு வந்தார். பட்டறை முழுக்கச் சூடான துணி வாசனை. பெரிய மெஷின் ஒன்று துணியை இழுத்து இழுத்து விழுங்கிக்கொண்டிருந்தது. அவர் அதன் பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்து நின்றார்.

"பாப்பா, உருளை ஒரு பக்கமா இழுக்குது. அதான் படம் சாயுது."

"தெரியும் அங்கிள், ரிப்பேர்காரரு நாளைக்கு வர்றாரு."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருக்கு முகம் சப்பென்று ஆகிவிட்டது, பாவம்.

நான் உண்மையைச் சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தேன். உயரம் ஒரு விரல் குறைச்சல், தப்பு என்னுடையது, அடுக்கி வெட்டிவிட்டேன். மின்னல் காதிலேயே வாங்கவில்லை. ஒரு பையை எடுத்துச் சுற்றினாள். தலை, முதுகு, வால், திரும்பத் தலை. மறுபடி சுற்றினாள். வாழ்க்கையில் முதல் முறையாக அவள் பேசாமல் இருந்ததைப் பார்த்தேன்.

"அக்கா... இதை யாரு சேத்தது? போன தடவை வேற ஆள்கிட்ட குடுத்தேன், வால் ஒரு ஊர்ல, உடம்பு ஒரு ஊர்ல. நான் வரைஞ்சப்ப மனசுல இருந்தது இதுதான்க்கா, இப்படியே சுத்தி வரணும்னு. நெசத்துல வராதுன்னு விட்டுட்டேன்."

நான் அவரைக் கை காட்டினேன். மின்னல் அவர் கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கு என்று குலுக்கினாள். அவர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையில் ஓடிய மின்விசிறியைப் பார்த்தார்.

புது ரோல் துணி வந்திருக்கிறதாம், இன்னும் இதே அளவு முதலை வேண்டுமாம். பேனல்களை என் தலையில் கட்டிவிட்டாள். வரும் வழியில் அவர் மூட்டையைக் கடைசி வரை என்னிடம் தரவில்லை.

பிப்ரவரி 28

நான் வெட்டினேன். ஒவ்வொன்றாகத்தான், சத்தியமாக. அவர் பக்கத்தில் உட்கார்ந்து சேர்த்தார். நாளைக்கு என்று ஒரு நாள் இருப்பதைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

மார்ச் 1, ஞாயிறு

அவர் அண்ணன் சொன்ன மாதிரியே காலையில் வந்துவிட்டார். கீழே கார் ஹாரன் கேட்டது. பெட்டி கதவோரத்தில் தயாராக இருந்தது. அதன் பக்கம் நான் பார்க்கவில்லை.

அவர் மேசையில் இருந்தார். கையில் முதலை, வாயில் குண்டூசி.

"என்னடா, ரெடியா? வெயிலுக்கு முன்னாடி கிளம்பிடலாம்."

அவர் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார், இருங்க என்று. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் டீ கொடுத்தேன். அண்ணன் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே தம்பியின் கையைப் பார்த்தார். நான் தம்பியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு குண்டூசியாக வாயிலிருந்து துணிக்குப் போனது. தண்ணீரில் ஒன்று, வயிற்றில் ஒன்று. வாய் காலியானால் பேசிவிடுவார். பேசினால் போய்விடுவார். இந்தக் குண்டூசி தீரவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன், எந்தச் சாமியிடம் என்று கேட்டால் தெரியாது.

கடைசி ஊசியும் முதுகு முள்ளில் போய் உட்கார்ந்தது. அவர் துணியைப் புரட்டி விரலால் தொட்டுப் பார்த்தார்.

"முடிஞ்சுதா? கிளம்பலாமா?"

"இல்லண்ணே" என்றார். "இது முடியுற வேலை இல்ல. இவ வெட்டிக்கிட்டே இருப்பா. நான் சேத்துக்கிட்டே இருக்கணும்."

சொல்லிவிட்டு டப்பாவிலிருந்து இன்னொரு கொத்துக் குண்டூசியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

"டேய், அப்ப கோடவுனு?" என்று அண்ணன் கேட்டார். தம்பியின் வாய் நிறைய ஊசி. வேண்டுமென்றேதான் வைத்துக்கொண்டார், எனக்குத் தெரியாதா?

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பிறகு அண்ணன் எழுந்து வந்து தம்பியின் தோளில் கை வைத்தார். அண்ணன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "நல்லா இருக்குடா" என்றார். முதலையைச் சொன்னாரோ, வேறு எதைச் சொன்னாரோ.

நான் உள்ளே போய்ச் சுத்தமாக இருந்த அடுப்பைத் துடைத்தேன். அழுதேன். நன்றாக அழுதேன். எனக்கு இந்த மனுஷனை எவ்வளவு பிடிக்கும் என்று எனக்கே இன்றைக்குத்தான் தெரிந்த மாதிரி இருந்தது.

அண்ணன் சாப்பிட்டுவிட்டுத் தனியாகவே திரும்பிப் போனார்.

மார்ச் 2

அவர் கீழே சிந்தின குண்டூசி ஒன்று என் காலில் குத்திவிட்டது. பிடித்து வாங்கு வாங்கு என்று வாங்கினேன். கீழே பார்க்காமல் நடந்தது என் தப்பாம். அவரும் விடவில்லை, நானும் விடவில்லை. பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு எங்களைக் கேட்டார்கள். நாள் முழுக்க வீட்டில் ஒரே சத்தம்.